இடது பக்கம் சொல்லட்டும்

கடைக்காரரே, நீங்கள் சொன்னது பொய். அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சுத்த மூலிகைம்மா, கைக்கொழந்தைக்குக்கூட வெக்கலாம்" என்று சொன்னீர்கள். கண்ணாடி அலமாரி மேல் கையை ஊன்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

யாரிடம் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள் என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகத்தான் அந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன். பேர் எழுத மாட்டேன். அந்தப் பேரை ஊர் ஏற்கெனவே மென்று துப்பிவிட்டது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அக்காவின் வீடு. முன்னறையில் பியூட்டி பார்லர். பின்கட்டில் அவள் அப்பாவின் சாயப்பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஜன்னல். சாயம் ஏற்றிய பட்டுநூலைப் பிழிந்து மூங்கிலில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். மதிய வெயில் அந்த ஈர நூலுக்குள் புகுந்து ஜன்னல் வழியாக வரும். அப்போது பார்லர் சுவர் முழுக்க அரக்குச் சிவப்பாகிவிடும். சில நாள் கிளிப்பச்சை. சில நாள் மாம்பழ மஞ்சள். கண்மேல் ஈரப்பஞ்சு வைத்துப் படுத்திருக்கிற பெண்களுக்கு மூடின இமைக்குள்ளேயே அந்த நிறம் தெரியும்.

"அக்கா, இன்னிக்கி அரக்கா?" என்று படுத்தபடியே கேட்பார்கள்.

"அரக்குதான். பேசாத, மூஞ்சி சுருங்குது."

தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்த அறைக்குள் வந்தால் அது எங்கேயோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். நான் புருவம் எடுக்கப் போய் அங்கே தூங்கியிருக்கிறேன். என்னை யாரும் எழுப்பியதில்லை. எழுந்து பார்த்தால் சுவர் நிறம் மாறியிருக்கும்.

அக்காவுக்கு அப்போது முப்பதுக்குள் வயது இருக்கும். பூனைக் கண். தேனில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். பள்ளிக்கூடத்தில் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவளைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது கண் இல்லை, இடது கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாகச் சின்னச் சின்னத் திட்டுகள். ஒன்று மருதாணிச் சிவப்பு. ஒன்று வெளுப்பு. ஒன்று பழைய தீக்காயம் மாதிரி. கடையில் எந்தக் கிரீம் புதிதாக வந்தாலும், எந்த பிளீச் வந்தாலும், முதலில் அவள் இடது கையில் ஒரு பொட்டளவு வைப்பாள். கைக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதற்குப் பிறகுதான் அடுத்தவர்கள் முகத்தில்.

"என் இடது பக்கம் மொதல்ல சொல்லட்டும். அப்பால உன் பக்கம் வரேன்" என்பாள்.

அவசரப்பட்டவர்கள் வேறு பார்லருக்குப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் முகத்தில் கொப்பளத்தோடு திரும்பி வந்தார்கள். அவள் எதுவும் கேட்க மாட்டாள். கற்றாழையை வெட்டித் தடவிவிடுவாள்.

ஒரு தடவை தலைமுடிச் சாயம் ஒன்று வந்தது. வகிட்டுக்கு இடது பக்கம் மட்டும் போட்டுக்கொண்டாள். பாதித் தலை செம்பட்டை, பாதி கறுப்பு. தலைக்கு இரண்டு மண்டலம் என்று அவள் கணக்கு. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே தெருவில் நடந்தாள். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, பாதியிலயே கரண்டு பூட்சா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே முருங்கைக்கீரை வாங்கினாள்.

இந்தப் பழக்கம் பட்டறையிலிருந்து வந்தது. அவள் அப்பா ஒரு சேலைக்கான நூல் மொத்தத்தையும் ஒரேயடியாகச் சாயத்தில் போட மாட்டார். ஒரு சிட்டம், ஒரு சின்னக் கட்டு நூலை மட்டும் முக்குவார். காயவிடுவார். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிறத்தை அவர் நம்பியதில்லை. இன்னொன்று, சாயத்தில் போட்ட சிட்டத்தைப் பாதியில் வெளியே எடுக்கவே மாட்டார். "பாதில எடுத்தா சாயம் பேசாது" என்பார். முழு நேரமும் ஊறினால்தான் அது ஏறுமா, ஓடுமா, கழுவினால் நிற்குமா என்று தெரியும். கெட்டுப்போனால் அந்த ஒரு சிட்டம்தானே கெட்டது, வீசிவிடலாம்.

நூல் என்றால் வீசிவிடலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு இமையில் முடி குறைவு. சின்ன வயதில் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்து முடி உதிர்ந்து, அங்கங்கே மொட்டையாகவே நின்றுவிட்டது. அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. ஆவணியில் எனக்கு நிச்சயம் ஆனது. சின்ன காஞ்சிபுரத்து மாப்பிள்ளை. தட்டு மாற்றிக்கொண்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் அக்கா பக்கத்து இலைக்காரியிடம், "பொண்ணு லட்சணம்தான். கண்ணுதான் மொட்டையா இருக்குது" என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு. எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை.

மறுநாளே அக்காவிடம் போய் அழுதேன். அழுதேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்று சொல்லலாம்.

"மை வெச்சா தெரியாதுடி" என்றாள்.

"மை அழிஞ்சா? ஒரு கல்யாணத்தோட முடிஞ்சிதா? காலத்துக்கும் அந்த வூட்ல இருக்கணும் இல்ல?"

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடைக் கண்ணாடியில் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரே பெண்ணின் இரண்டு கண். ஒன்றில் முடி இல்லை, ஒன்றில் மயில்தோகை. நான்தான் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன். நகப்பூச்சுப் புட்டி அளவு இருந்தது. மூடியோடு மெல்லிசாக ஒரு பிரஷ். இமை விளிம்பில் தினம் ஒரு கோடு இழுத்தால் முடி வளரும் என்றீர்கள்.

அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள என்னாங்க இருக்குது?"

"மூலிகைம்மா."

"எந்த மூலிகை? ஒண்ணும் எழுதலியே. மூலிகைச் சாறுன்னு மட்டும் போட்டிருக்குது."

"கம்பெனி ரகசியம்மா அது. உங்கப்பா சாயத்துல என்ன கலக்கறாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினா இருக்காரு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "எங்கப்பா அந்தச் சாயத்தக் கண்ணுல வெச்சிக்கச் சொல்ல மாட்டாருங்க" என்றாள். அப்போதுதான் நீங்கள் கைக்குழந்தை கதையைச் சொன்னீர்கள்.

வாங்கினோம். வெளியே வந்ததும் நான் கையை நீட்டினேன். அவள் புட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கைக்கு ஒரு மண்டலம். தலைக்கு ரெண்டு. கண்ணுக்கு மூணு."

"மூணா? தையில எனக்குக் கல்யாணம்க்கா."

"தை கடைசிலதான? முடிஞ்சிரும்."

அன்று முதல் இடது கண்ணில் மட்டும் போட ஆரம்பித்தாள். நாள் கணக்குக்கு பார்லர் கண்ணாடியின் ஓரத்தில் தினம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். கீழ் ஓரத்தில் ஆரம்பித்த வரிசை மெல்ல மேலே ஏறியது. நான் வாரம் இரண்டு முறை போய்ப் பொட்டை எண்ணுவேன்.

நாற்பது பொட்டு வந்தபோது அந்த முடி வந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுவர் மஞ்சளாக இருந்த ஒரு மதியம் அவள் குனிந்து யாருக்கோ நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது இமையின் நிழல் கன்னத்தில் விழுந்து கிடந்தது. கண்ணை மூடித் திறக்கும்போது அந்த நிழல் இறங்கும், ஏறும். காத்திருந்த நாலு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கண்ணையே பார்த்தோம். வலது கண் எங்களைப் போன்ற சாதாரணக் கண். இடது கண் எங்கேயோ கனவு கண்டுகொண்டிருந்த மாதிரி இருந்தது. ஒருத்தி எழுந்து போய் விரலால் அந்த முடியைத் தொட்டாள். அக்கா கூச்சத்தில் சிரித்தாள்.

"எனக்கும் வெச்சி விடுக்கா" என்று நாலு பேரும் கேட்டோம்.

"இன்னும் ரெண்டு மண்டலம் இருக்குது. போங்கடி."

இரண்டாவது மண்டலத்தில் அவள் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். காலையில் சிவந்திருக்கும். மேல் இமைத் தோல் மெல்லக் கறுத்தது. அதையும் நாங்கள் அழகு என்றுதான் சொன்னோம்.

"மை தீட்டின மாதிரி இருக்குதுக்கா."

"தீட்டினது நான் இல்லியே" என்றாள். கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எரியுதுடி. மருந்து வழிஞ்ச எடத்துல கன்னத்துலகூட பூனைமுடி மொளைக்குது."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "அப்ப எனக்கு வெப்பியா, மாட்டியா?"

"அதான் தெரியணும். பாதில எடுத்தா சாயம் பேசாது."

எனக்கு வைக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் மிச்ச நாளையும் போட்டாள். கண்ணை ஒரு சிட்டம் நூலாக நினைத்துவிட்டாள். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். எரிந்த அன்றைக்கே புட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

பொட்டு வரிசை கண்ணாடியைச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தைத் தொட்ட அன்று, பொங்கல் முடிந்த மறுநாள், என்னை வாசலுக்குக் கூட்டிவந்தாள். வெயிலில் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். நூலைக் காட்டுகிற மாதிரி.

"நல்லாப் பாரு."

பார்த்தேன். முடி அடர்ந்து கிடந்தது. அதற்கு மேல் இமை கறுத்து, கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. இடது கண் மட்டும் பத்து வயது கூடின மாதிரி உள்ளே போயிருந்தது. அது மட்டும் இல்லை. தேனும் பச்சையும் வலது கண்ணில்தான் இருந்தது. இடது கண் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அறைக்குள் இருந்தவரை எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. சுவர் நிறத்தில் எல்லார் கண்ணும் ஒன்றுபோல இருக்கும்.

"உனக்கு வெக்க மாட்டேன்" என்றாள்.

நான் நன்றி சொல்லவில்லை. "நீ மட்டும் முடி வளத்துக்கினு எனக்கு இல்லன்னுட்ட" என்று கத்திவிட்டு வந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதையே சொன்னேன். "என்னத்தையோ தனக்குன்னு பதுக்கி வெச்சிக்கினா." இந்த வாக்கியம் பிறகு என்னவெல்லாம் ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

என் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே பையோடு வந்து நின்றாள். என் இமை விளிம்பில் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாக வரைந்தாள். ஒரு கண்ணுக்கு அரை மணி நேரம் ஆனது. அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. வரையும்போது அவள் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தோளில் துடைத்துக்கொண்டு வரைந்தாள். கல்யாணப் படத்தில் என் கண்ணைப் பார்த்து இன்றைக்கும் கேட்கிறார்கள், யார் மேக்கப் என்று.

அதற்குப் பிறகு அவள் புட்டியோடு உங்கள் கடைக்கு வந்தாள். நினைவிருக்கிறதா? கடையில் கூட்டம். இதைப் போட்டுத்தான் இப்படி ஆனது, இனி விற்காதீங்க என்று மட்டும்தான் சொன்னாளாம். நீங்கள் குரலை உயர்த்தினீர்கள். "பட்டறைச் சாயம் கண்ணுல பட்டிருக்கும். நீ என்னத்தையாவது கலந்து வெச்சிக்கினு என் பாட்டில் மேல பழி போடறியா?" என்றீர்கள்.

அன்று சாயந்திரமே பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. பார்லர்க்காரி அப்பனுடைய சாயத்தைக் கிரீமில் கலக்கிறாள். எல்லார் முகத்திலும் அதைத்தான் பூசினாள். அதற்குச் சாட்சியாக என் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள். என்னத்தையோ பதுக்கி வைத்திருந்தாள் என்று அவள் ஆளே சொன்னாளே என்றார்கள். ஒரு மாதத்தில் பார்லரில் ஈ காக்கா இல்லை. அடுத்தவள் முகத்தில் சோதிக்கக் கூடாது என்று தன் கையைப் புண்ணாக்கிக்கொண்டவளுக்கு அந்தப் பேர் வந்தது.

ஒரு நாள் அவள் என் புகுந்த வீட்டுக்கு வந்தாள். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்று பேசினாள்.

"அப்பாவுக்குக் கண்ணுல பிரஷருன்னு ரெண்டு வருசமா சொட்டு மருந்து ஊத்தறோம் இல்ல. அவருக்கும் முடி நீளமா வந்துக்கினு இருந்துச்சி. மூக்குக் கண்ணாடில இடிக்குதுன்னு நான்தான் கத்திரியால வெட்டுவேன். அப்பக்கூட எனக்கு ஒறைக்கல பாரேன். செக்கப்புக்குப் போனப்ப டாக்டர்கிட்ட பாட்டிலக் காட்டினேன். அந்தச் சொட்டு மருந்து ஜாதில ஏதாவது இதுல கலந்திருக்கலாம், சோதிச்சாத்தான் தெரியும்ன்றாரு. அந்த மருந்துக்கு முடி வளரும், இமை கறுக்கும், கண்ணு பள்ளமாகுமாம். வெக்கறத வுட்டா கறுப்பு கொறையலாம், பள்ளமும் கொஞ்சம் தேறலாம். கண்ணு நெறம் மட்டும் திரும்ப வராதாம். என்ன கலந்திருக்குன்னு எழுதாதத கண்ணுகிட்டயே கொண்டுபோகாதன்னு திட்டினாரு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடையில நீ கூட இருந்த. அவரு மூலிகைன்னு சொன்னது உன் காதுல வுழுந்திச்சி. நான் எதுவும் கலக்கலன்னும் உனக்குத் தெரியும். தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்லு. போதும்."

கூடத்தில் பூக் கட்டுகிற கை நின்றிருந்தது. இமை முடிக்காக நான் கடை கடையாக அலைந்தேன் என்று இந்த வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். "எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கண் தேன். ஒரு கண் காப்பிக்கொட்டை. ஊடும் பாவும் வேறு நிறத்தில் ஓடுகிற பட்டு, இந்தப் பக்கம் பார்த்தால் ஒன்றாகவும் அந்தப் பக்கம் பார்த்தால் வேறாகவும் தெரியும். அந்தப் பார்வை எனக்கு அப்படித்தான் இருந்தது. எந்தக் கண் என்னைத் திட்டியது, எந்தக் கண் மன்னித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை என்னை அம்மா என்று அவள் கூப்பிட்டதில்லை.

பார்லரை மூடினாள். அப்பாவோடு திருப்புட்குழிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வருடம் கழித்து அந்த ஊர்க் கோயிலுக்குப் போனபோது குளத்தங்கரையில் பார்த்தேன். நான் ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். இமைக் கறுப்பு குறைந்திருந்தது. பள்ளம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. கண் நிறம் அப்படியே இருந்தது.

"எப்படி இருக்கற? முடி வந்துச்சா உனக்கு?"

"இல்லக்கா."

"வெயிலுக்கு வா, பாக்கறேன்."

தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, என் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குளத்துத் தண்ணீரில் பட்ட வெளிச்சம் அவள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "நல்லா இருக்குது. ரெண்டும் ஒரே நெறம்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைக்காரரே, உங்களுக்கு இப்போது இரண்டு கடை. அலமாரியில் அதே அளவில் புட்டி இருக்கிறது. லேபிள்தான் வேறு. போன வாரம் வந்து திருப்பிப் பார்த்தேன். மூலிகைச் சாறு என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு முன்னால் தன் இடது கண்ணில் வைத்துப் பார்க்க இப்போது யாரும் இல்லை.

வைகாசியில் கருட சேவைக்கு நீங்கள் வருடாவருடம் மோர்ப்பந்தல் போடுகிறீர்கள். உங்கள் பேரை மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்த வருடம் அந்த மைக்கை நீங்கள் வாங்குங்கள். அந்தப் புட்டியில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். பட்டறைச் சாயம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் முடித்ததும் மைக்கை என்னிடம் கொடுங்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். பந்தலுக்கு எதிரில் வெயிலில் நிற்கிறேன். வந்து பதில் சொல்லுங்கள்.